மெஷினுக்குப் பின்னால் ஓர் இருக்கை

அண்ணன் வெள்ளைச்சாமி எதிரில் சின்னையன் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஸ்ரீரங்கத்தில் மேலூர்ப் பக்கம் யாரும் இல்லை. கல்யாணமாகி, பிள்ளை பொன்மலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் இல்லை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெள்ளைச்சாமி வாசலில் செருப்பைக் கழற்றினால், கையை உதறிக்கொண்டு எழப் பார்ப்பான். "சோத்தை விட்டு எந்திரிக்காதே" என்று சொல்லிவிட்டு வெள்ளைச்சாமி வாசலோடு திரும்பி, வாழைத்தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். தம்பி சாப்பிட்டுக் கைகழுவ எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குத் தெரியும்.

இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா இருந்தபோது வெள்ளைச்சாமி அப்படி நின்றார். அப்பா போன பிறகு சின்னையன் அப்படி நின்றான். அக்கம்பக்கத்தில் அண்ணன் தம்பிகள் வரப்புக்காகக் கோர்ட்டுப் படியேறிக்கொண்டிருந்த காலத்தில், தனக்கு இப்படி ஒரு தம்பி வாய்த்திருக்கிறான் என்பதில் வெள்ளைச்சாமிக்குக் கர்வம் உண்டு. அதை அவர் மறைத்ததும் இல்லை.

இன்னொரு கர்வம், மன்னார்புரத்துக்கு அந்தண்டை இருந்த கிளப் மைதானத்தின் புல். அதை வெட்டுவது அவர்கள் குடும்பத்துக் கான்ட்ராக்ட். அப்பா காலத்தில் மாடு பூட்டி இழுக்கிற புல்வெட்டு வண்டிதான். குளம்பு புல்லில் பதியக்கூடாதென்று மாட்டின் நாலு காலுக்கும் தோலில் செருப்புத் தைத்துப் போட்டு ஓட்டியவர் அவர். துரைமார்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்களாம். அவர்கள் கப்பலேறிய பிறகு கிளப்பில் பெட்ரோல் மெஷின் வாங்கினார்கள். அது தானாக முன்னால் ஓடும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆள் பின்னால் நடக்க வேண்டும். சிறு வயதில் மாடு முட்டியதில் வெள்ளைச்சாமிக்கு வலது தோள் எழும்பாது. அதனால் சின்னையன் பிடித்தான். அவன் வெட்டிய மைதானத்தைக் கிளப் மாடியிலிருந்து பார்த்தால், போன வரி ஒரு பச்சை, வந்த வரி ஒரு பச்சை என்று ஜமக்காளம் விரித்த மாதிரி இருக்கும். ஒரு வரி கோணி யாரும் பார்த்ததில்லை. "மெஷின் கிளப்போடது. கைப்பிடி எங்க வீட்டோடது" என்று வெள்ளைச்சாமி சொல்வார். வேறு கை அதன்மேல் பட அவர் விட்டதில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் மழைக்காலத்தில் சின்னையனுக்கு இடது முட்டி வீங்கியது. நடக்கவும் கூடாது, நிற்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைதானத்தை ஒருமுறை வெட்டி முடிப்பதென்றால் சமயபுரம் போய்த் திரும்புகிற நடை.

கிளப் செக்ரட்டரி நல்ல மனிதர். ஆனாலும் கேட்டுவிட்டார்.

"பொங்கலுக்கு டோர்னமென்ட் இருக்கு பெரியவரே. தம்பிக்கு முடியலைன்னா சொல்லிடுங்க, மெஷினுக்கு வேற ஆளைப் போட்டுடறேன். உங்க கான்ட்ராக்ட் அப்படியே இருக்கட்டும். ஆள் மட்டும்தானே மாறப்போறது?"

"ஆள் மட்டும்தான் சார் எங்க கான்ட்ராக்ட்."

செக்ரட்டரி சிரித்தார். "சீமையில இதுக்குப் பின்னால ஒரு சின்ன வண்டியை மாட்டி, அதுல ஏறிக்கிட்டே ஓட்டறாங்களாம். அந்த மாதிரி ஏதாவது பண்ண முடியும்னா பண்ணுங்க. வரி கோணாம இருந்தா எனக்குப் போதும். கோணிச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்."

மறுநாளே அண்ணனும் தம்பியும் பொன்மலைக்குக் கிளம்பினார்கள். ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சவரிநாதன் அங்கே சொந்தப் பட்டறை வைத்திருந்தார். பஸ்ஸில் வெள்ளைச்சாமி ஜன்னலோரம் உட்கார்ந்து, குடையை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றிக்கொண்டார். வெயிலானாலும் மழையானாலும் அந்தக் கறுப்புக் குடை இல்லாமல் அவர் வெளியே இறங்குவதில்லை. சின்னையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சீட்டு காலியாத்தானே கெடக்கு, உட்காருங்க" என்றார் கண்டக்டர். "காலை வேற நொண்டுறீங்க."

"இருக்கட்டுங்க."

"நின்னுக்கிட்டு வந்தா டிக்கெட்டு பாதின்னு யாராச்சும் சொல்லிட்டாங்களா?"

பஸ் சிரித்தது. வெள்ளைச்சாமி சிரிக்கவில்லை, முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். காவிரிப் பாலத்தில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியபோது மட்டும், டிரைவருக்கு மேலிருந்த கண்ணாடியில் தம்பி உதட்டைக் கடிப்பது தெரிந்தது. அவர் ஆற்றைப் பார்த்தார்.

கோடைக்கானல் பங்களா ஒன்றுக்கு முன்பு இப்படி ஒரு பின்வண்டி செய்துகொடுத்தபோது, அளவுக்காகச் செய்து வைத்திருந்த மூன்று உருப்படிகள் சவரிநாதனிடம் இருந்தன. மூன்றையும் இழுத்து வெளியே போட்டார்.

"மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்த்துக்குங்க. இது ரெண்டு சக்கரம் வச்ச சீட்டு. லேசானது, சல்லுனு ஓடும்."

சின்னையன் குனிந்து சக்கரத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். "ஈரத்துல தடம் விழும்ணே."

"விழும். வேண்டாம்" என்றார் வெள்ளைச்சாமி.

"சரி, இது உருளை வச்ச சீட்டு. கனம் ஜாஸ்தி. ஆனா தடம் விழாது, புல்லை அமுக்கிக்கிட்டே வரும். ஆள் ஏறாம வெறுமனே இழுத்தா மட்டும் கடகடன்னு கத்தும், உட்கார்ந்துட்டா வாயை மூடிக்கும். எங்க வீட்டம்மா மாதிரி இல்லை."

"மூணாவது?"

"அது நிக்கிற பலகை. ஏறி நின்னுக்க வேண்டியதுதான். வயசுப் பசங்களுக்குச் சரி. இவரு முட்டிக்கு..." சவரிநாதன் சின்னையன் காலைப் பார்த்தார். "உருளை சீட்டை எடுத்துட்டுப் போங்க. ஜம்முனு உட்கார்ந்து ஓட்டட்டும்."

சின்னையன் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பலகை போதும்ணே."

"முட்டி?"

"பலகை போதும்."

கிளப் மைதானத்தின் நடுவே, வெட்டு நடக்கும்போதெல்லாம் வேப்பமரத்தடியில் நின்று மேற்பார்க்கிற தன் எதிரில், தம்பி காலை நீட்டி உட்கார்ந்து வருவதை வெள்ளைச்சாமி ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். நினைப்பே ஒட்டவில்லை.

"பலகையே கட்டுங்க மேஸ்திரி" என்றார். "எங்க வீட்டு ஆளு நின்னுதான் ஓட்டுவான்."

அந்த வாரமே அது தப்பென்று தெரிந்துவிட்டது. பலகையில் மெஷினின் நடுக்கமெல்லாம் நேராக முட்டிக்குப் போனது. மைதானத்தில் கால்வாசி வெட்டியிருப்பார்கள். மேற்குக் கோடியில் திரும்பும்போது சின்னையனின் கால் மடங்கியது. விழவில்லை; கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிச் சமாளித்துவிட்டான். ஆனால் மெஷின் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. பச்சையின் நடுவே வளைந்து ஒரு வரி.

செக்ரட்டரி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கி வந்தார். "அடுத்த வெட்டையும் பார்த்துடுவோம் பெரியவரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளைச்சாமிக்கு அது திட்டியதைவிடச் சுட்டது.

வீட்டில் அவர் மனைவி அமிர்தம் சோற்றைப் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"நின்னு நின்னு கொழுந்தனாருக்கு முட்டி போச்சு. அதைப் பார்த்துப் பார்த்து நீங்க பூரிச்சுப் போங்க."

"அவன் எனக்காகவா நிக்கிறான்? இந்த வீட்டுக்காக நிக்கிறான்."

"வீட்டுக்கு முட்டி இல்லீங்களே."

"வாயை மூடிட்டு ரசத்தை ஊத்து."

ஊற்றினாள். ஆனால் வாயை மூடவில்லை. "நாளைக்கு அந்தக் கைப்பிடியை எவனோ பிடிக்கப் போறான். அப்பவும் நீங்க ரெண்டு பேரும் மரத்தடியில ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நில்லுங்க, கௌரவமா."

வெள்ளைச்சாமிக்கு ரசம் இறங்கவில்லை. மறுநாள் தனியாகப் பொன்மலைக்குப் போனார். பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உருளை சீட்டைக் கட்டச் சொன்னார்.

"பெரிய இடத்து உத்தரவா?" என்றார் சவரிநாதன்.

"என் உத்தரவுதான். கட்டுங்க."

அடுத்த வெட்டுக்கு மெஷினின் பின்னால் அந்தச் சீட்டு மாட்டியாயிற்று. நடுவில் ஒரே ஆணி. திரும்பும்போது மெஷின் ஒரு பக்கமும் சீட்டு ஒரு பக்கமும் மடங்கும்படி சவரிநாதன் செய்திருந்தார். எல்லாம் சரி. சின்னையன் அதன் பக்கத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"உட்காரு" என்றார் வெள்ளைச்சாமி.

அவன் நின்றான்.

"உட்காருன்னு சொல்றேன்ல?"

"இதுவரைக்கும் நீங்க சொன்னதை நான் தட்டினதில்லண்ணே. இதை மட்டும் சொல்லாதீங்க."

"நான் சொல்லித்தானே உட்காரப் போறே? இதுல என்ன மரியாதைக் குறைச்சல்?"

"நீங்க சொல்லலாம்ணே. எனக்குக் கால் மடங்க மாட்டேங்குது."

கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே, வரக்கூடாத நேரத்தில், அந்தப் பழைய கர்வமும் வந்தது. வெள்ளைச்சாமி கேட்டைத் தாண்டி வெளியே போய், மதிலோரம் குடையை ஊன்றி நின்றுகொண்டார். சாப்பாட்டுக்குச் செய்வதை மெஷினுக்கும் செய்துவிட்டால் போயிற்று. தான் கண்ணில் படாவிட்டால் உட்கார்ந்துவிடுவான்.

மெஷின் கிளம்பியது. கூடவே கடகடகடவென்று உருளை கத்தியது. சத்தம் கிழக்கே போயிற்று, மேற்கே வந்தது, நிற்கவேயில்லை. சீட்டைக் காலியாக இழுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டு, பின்னால் நடக்கிறான். மதிலுக்கு இந்தப் பக்கம் அண்ணன் நிற்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தால் போதும் அவனுக்கு.

வீட்டில் தோட்டத்தைச் சுற்றப் போனால் அண்ணன் போய்விட்டார் என்று அர்த்தம். மதிலோரம் நின்றால், இருக்கிறார் என்று அர்த்தம். இங்கே போகவும் முடியாது. வரி கோணினால் செக்ரட்டரிக்குப் பதில் சொல்ல அவர் இருந்தாக வேண்டும். இருக்கவும் வேண்டும், இருக்கவும் கூடாது. வெள்ளைச்சாமி மதிலைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, மெஷினை நிறுத்தச் சொன்னார்.

வெட்டுவதற்கு முன் கல் பொறுக்குகிற வேலை எப்போதும் கூலிக்கு வரும் இருளாயியுடையது. அவள் கூடையோடு ஓரமாக நின்றிருந்தாள்.

"கூடையைக் கொடு" என்றார்.

"நீங்களா பொறுக்கப் போறீங்க?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"தோளு எந்திரிக்காதே ஐயா."

"கல்லு தரையிலதானே கெடக்கு. தோளு எதுக்கு எந்திரிக்கணும்?"

இடது கையில் கூடை. எழும்பாத வலது தோளில் குடைக்கம்பைச் சாய்த்து, விரித்த குடையை முதுகுப் பக்கம் சரித்துக்கொண்டார். நின்றிருந்த மெஷினைக் கடந்து பத்தடி முன்னால் போய், முதுகைக் காட்டி நின்றார்.

"சின்னையா."

"அண்ணே?"

"நம்ம வீட்டுல பெரியவன் முன்னால போவான். சின்னவன் பின்னால வருவான். உண்டா இல்லையா?"

"உண்டுண்ணே."

"நான் முன்னால போறேன். எனக்கு முதுகுல கண்ணு கிடையாது. நடுவுல குடை வேற. பின்னால நீ எப்படி வர்றேங்கறது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன். கிளப்பு."

அவர் நடக்க ஆரம்பித்தார். பின்னால் மெஷின் கிளம்பியது, உருளை கத்தியது. ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். உருளை கத்திக்கொண்டே இருந்தது. சரி, மாட்டான், அப்பா வந்து சொன்னாலும் மாட்டான் என்று நினைத்த நேரத்தில், கடகடப்பு நின்றது. மெஷினின் சத்தம் மட்டும், கொஞ்சம் கனத்து, சீராக வந்தது.

வெள்ளைச்சாமி திரும்பவில்லை. நிமிர்ந்து நடந்தார்.

கோடியில் திரும்பும்போதுதான் சிக்கல். அவர் திரும்பி அடுத்த வரியில் வரும்போது மெஷின் எதிரே வந்தாக வேண்டும். அதற்குத்தான் குடை. மெஷின் இருந்த பக்கமாக அதைச் சாய்த்துக்கொண்டு, கல்யாணப்பெண் மாதிரி தலையைக் குனிந்தபடி கடந்தார். மறு கோடியிலும் அப்படியே. கறுப்புக் குடையொன்று மைதானத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து போக, பின்னாலேயே மெஷின் போனது. டென்னிஸ் ஆட வந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "சாமி புறப்பாடா?" என்று யாரோ கேட்டார்கள். சிரித்தார்கள். சிரிக்கட்டும். அப்பாவின் மாட்டுக்குச் செருப்பு மாட்டியபோதும் முதல் நாள் சிரித்துத்தான் இருப்பார்கள்.

முடிந்தபோது செக்ரட்டரி மாடியிலிருந்து இறங்கி வந்தார். மெஷின் நின்றுவிட்டது. சின்னையன் அதன் பக்கத்தில், துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, நின்றுகொண்டிருந்தான்.

"ஒரு வரிகூடக் கோணலை பெரியவரே. முன்னாடியைவிட நல்லா வந்திருக்கு" என்றார் செக்ரட்டரி. "கைப்பிடி உங்க வீட்லயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. தம்பி ஜோரா உட்கார்ந்துட்டு வர்றார், நீங்க இந்த வயசுல முன்னால நடக்கறீங்களே, இது என்ன நியாயம்?"

வெள்ளைச்சாமி குடையை மடக்கினார்.

"யாரு சார் உட்கார்ந்துட்டு வந்தது?" என்றார். "நான் பார்க்கலையே."

சாயங்காலம் பஸ்ஸில் கூட்டமில்லை. வெள்ளைச்சாமி எப்போதும் உட்காரும் நடு ஜன்னலுக்குப் போகவில்லை. தம்பியைப் பின்னால் விட்டுவிட்டு, டிரைவருக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டுக்குப் போனார். அன்றைக்குத் தம்பி முகம் தெரிந்த அந்தக் கண்ணாடி மேலே இருந்தது. குடையை அது மறைகிற மாதிரி நிமிர்த்தி, கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, நேரே ரோட்டைப் பார்த்தார்.

பாலம் வந்தது. பஸ் குலுங்கியது. பின்னாலிருந்து கண்டக்டர் டிக்கெட் கட்டோடு வந்தார். அன்றைக்குக் கேலி செய்த அதே ஆள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன பெரியவரே, இன்னைக்கு உங்க தம்பி..."

"ஸ்ரீரங்கம் ரெண்டு" என்றார் வெள்ளைச்சாமி. "டிக்கெட்டைக் கிழிங்க."