எந்தத் தோள் முதலில்?

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் கிறிஸ்துவின் மேல் காட்டிய பக்தி பற்றி, திருநாள் இதழுக்கு மூன்று பக்கம் கேட்டிருந்தார் கிரேக்கத் தீவு நகரமான எங்கள் எர்முபோலியின் வாரப் பத்திரிகை ஆசிரியர். பழைய சொற்பொழிவுகளை எல்லாம் படித்தேன். வென்றவர்கள் சொந்த உழைப்பால் வென்றிருந்தார்கள். தோற்றவர்கள் கர்த்தரின் சித்தத்தால் தோற்றிருந்தார்கள். அதோடு கட்டுரை முடிந்துவிட்டது. பாக்கி இரண்டேமுக்கால் பக்கத்துக்கு என்ன செய்வது? அதனால்தான் கதை.

2

முதல் முயற்சி: ஸ்பிரிதோனுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு.

(அடித்துவிட்டேன். எனக்கே நிச்சயமில்லை.)

இரண்டாம் முயற்சி: ஸ்பிரிதோனுக்குத் தேர்தல் வருடங்களில் கடவுள் நம்பிக்கை உண்டு.

(மலிவான நகைச்சுவை. இருக்கட்டும்.)

பாரிசில் பல வருடம் வக்கீலாக இருந்துவிட்டுத் தீவுக்குத் திரும்பிய ஸ்பிரிதோன், நாடாளுமன்றத்துக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் பமூக்கிஸ். கப்பல் முதலாளி, கையில் சொந்தப் பத்திரிகை. 'ஸ்பிரிதோன் நாத்திகர்' என்று அது வாரந்தோறும் எழுதியது.

பதில் சொல்ல லியாந்த்ரோஸ் இருந்தார். நாவலாசிரியர், ஸ்பிரிதோனின் மனைவி கலியோப்பிக்குத் தம்பி. அத்தானின் பேச்சுகள் எல்லாம் அவர் எழுதியவை. ஒவ்வொன்றிலும் கண்ணீர், கர்த்தர், கடல் மூன்றும் தவறாது.

பேச்சு தயார். கைதான் தயாரில்லை. எங்கள் கீழ் ஊர் ஆர்த்தடாக்ஸ் சபை. சிலுவை போடும்போது வலது தோளை முதலில் தொடுவோம். மேட்டு ஊர் கத்தோலிக்கர்கள் இடதை முதலில் தொடுவார்கள். அவர்களுக்குக் கீழ் ஊர் வைத்த பெயர் பரங்கி. ஓட்டு அதிகம் கீழே. ஸ்பிரிதோனும் கீழ் ஊர்தான், ஆனால் அவர் கை பாரிசில் எல்லாவற்றையும் மறந்திருந்தது.

3

லியாந்த்ரோஸ் அத்தானுக்கு எதிரே நின்றுகொண்டார்.

"நான் செய்றதை அப்படியே செய்ங்க. நெத்தி, வயிறு, இந்தத் தோள், அந்தத் தோள்."

"இதென்ன மச்சான், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற மாதிரி."

"போன வாரம் பாதிரியார் முன்னாடி சிலுவை போடுறேன்னு ஈ ஓட்டினீங்களே, மறந்துட்டீங்களா?"

கதவோரம் நின்ற கலியோப்பி தம்பியைக் கேட்டாள்: "நீ கடைசியா எப்படா கோயிலுக்குப் போனே?"

"எழுதுறவன் போகணும்னு இல்லக்கா. எழுதினாப் போதும்."

சாயங்காலத்துக்குள் கை பிசகில்லாமல் போனது. லியாந்த்ரோஸ் எப்படிச் செய்தாரோ அப்படியே.

(வாசகரே, நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். எதிரே நிற்பவனின் வலது தோள் நமக்கு இடதுபுறம். இது ஒரு நாவலாசிரியருக்குத் தோன்றவில்லை. பாத்திரங்களை ஆட்டிவைக்கிறவர்கள் அவர்கள் பக்கம் போய் நின்று பார்ப்பதில்லை. நானும்தான்.)

4

மாலுமிகளின் காவலரான புனித நிக்கோலாஸ் திருநாள். இரண்டு ஊரும் துறைமுகத்தில். புனிதரின் படத்தைப் படகில் ஏற்றிச் சுற்றி வருவது வழக்கம். படத்துக்கு அருகில், படத்தை விடப் பெரிதாக, பமூக்கிஸ் நின்றிருந்தார்.

கரையில் ஸ்பிரிதோன் பேசினார். கண்ணீர், கர்த்தர், கடல். மீனவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். முடித்ததும் கையை உயர்த்தினார். நெற்றி. வயிறு. இடது தோள்.

கீழ் ஊர்க் கூட்டத்திலிருந்து, "அடப்பாவி, பரங்கி" என்றது ஒரு குரல். "அட, நம்மாளு" என்றது மேட்டு ஊர்ப் பக்கம்.

"என்ன மச்சான் ஆச்சு?"

"நீங்க பரங்கியாயிட்டீங்க அத்தான்."

"எப்போ?"

"இப்பத்தான். மறுபடி போடுங்க, மாத்தி."

"போட்டா மேட்டு ஓட்டும் போயிடும்டா."

படகில் பமூக்கிஸ் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து சிரித்தார். சாய்ந்தவர் கடலுக்குள் போனார். அந்தக் கப்பல் முதலாளிக்கு நீச்சல் தெரியாது.

அந்த நொடியில் ஸ்பிரிதோனின் கை தானாக எழுந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாருக்காகவும் இல்லாமல், ஒரு சிலுவை போட்டுக்கொண்டது.

எந்தத் தோள் முதலில்? ஊர் முழுக்க பமூக்கிசைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கதையில் நடந்த ஒரே பக்தி, அதை எழுதுகிறவனே தவறவிட்டேன்.

5

முடிவு அ: பமூக்கிஸ் மூழ்கிப்போக, எதிர்ப்பே இல்லாமல் ஸ்பிரிதோன்

(வேண்டாம். திருநாள் இதழ்.)

முடிவு ஆ: படகுக்காரர்கள் கொக்கி போட்டு இழுத்தார்கள். பமூக்கிஸ் தண்ணீரைக் கக்கிக்கொண்டே, "படம் நனைஞ்சுதா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் கீழ் ஊரின் பாதி ஓட்டு

(இதையும் விட்டுவிட்டேன். இது நடந்தது என்றாலும்.)

கை எழுந்ததைப் பார்த்தவள் கலியோப்பி ஒருத்திதான். வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொன்னதும் லியாந்த்ரோஸ் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தத் தோள்க்கா முதல்ல?"

"தோளை யாருடா பாத்தா? முகத்தைப் பாத்தேன்."

"சரி, முகம் என்ன சொல்லுச்சு? காப்பாத்துன்னு வேண்டினாரா, நன்றின்னு சொன்னாரா?"

"அது அவருக்கும் நிக்கோலாஸுக்கும் நடுவுல. நீ போய் அடுத்த பேச்சை எழுது."

6

அவளுக்கு ஓட்டு இல்லை. அந்தக் காலத்தில் பெண்களுக்கு யார் கொடுத்தார்கள்? உங்களுக்கு உண்டு.

அப்போது ஓட்டுச் சீட்டு இல்லை, ஈயக்குண்டுதான் ஓட்டு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தகரப் பெட்டி. அதன் வாயில் ஒரு குழாய். ஈயக்குண்டோடு கையை உள்ளே விட வேண்டும். பெட்டியின் வலப்பக்கம் வெள்ளை: ஆம். இடப்பக்கம் கறுப்பு: இல்லை. கை உள்ளே போனபின் குண்டு எங்கே விழுந்தது என்பது போட்டவனுக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரியும்.

ஸ்பிரிதோனின் பெட்டியை நான் இன்னும் திறக்கவில்லை. ஒரு குண்டு மிச்சம் இருக்கிறது. இந்தாருங்கள்.

எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் உங்களுக்கு எதிரே நிற்கிறேன்.