வாப்பா தமிழில் எழுதிய கடிதம்

“ஒரு வரி சிங்களத்துல எழுதியிருந்தா...”

“கடை முத்திரை குத்தித்தானேடா குடுத்தேன், அதுக்கு மேல...”

“முத்திரையும் தமிழ்லதானே வாப்பா! ஆமிக்காரனுக்கு அது கோழி கிண்டின மாதிரி.”

“சிங்களம் எழுதத் தெரிஞ்ச ஒருத்தன் இந்த வீட்டுல இருந்தான். அவன் ஆபீஸராகப் போயிட்டான். நான் ஆரைத் தேட?”

பதுளைக் கடைக்குள் பலீல் முதலாளியும், ஒரு நாள் லீவில் வந்திருந்த மகன் றில்வானும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெரியாயி உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் விஜேந்திரன் இங்கே மூட்டை தூக்குகிறவன். லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. யுத்தம் நடக்கிற நேரம். தமிழ்ப் பையன் பஸ் ஏறினால், இவன் நம்ம ஆள் என்று யாராவது எழுதிக் கொடுத்த கடிதம் கையில் இருக்க வேண்டும். பலீல் எழுதிக் கொடுத்தார். அப்படியும் போன ஞாயிறு கடை வேலையாகப் பஸ்ஸில் போனவனைப் பெரகலச் சந்தியில் ஆமிக்காரர்கள் இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள்.

றில்வான் இத்தனை கத்துவதற்குக் காரணம் வேறு. அந்த ஞாயிறு அவனும் பெரகலச் சந்தியில்தான் இருந்தான்.

ராணுவத்தில் அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்ந்து ஐந்து மாதம். அன்று அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பங்களாவில் இளம் அதிகாரிகளுக்கு விருந்து. டை கட்டி, சத்தம் வராமல் சூப் குடித்து, அந்தத் தோட்டத்தை நடத்தும் துரையின் மகளோடு இரண்டு பாட்டுக்கு ஆடினான். “வீட்டில் என்ன பாஷை?” என்று அவள் கேட்டாள். “சிங்களம், இங்கிலீஷ்” என்றான். நாக்குக் கூசவில்லை.

திரும்பும்போது வேனில் அவளும் பெரகல வரை வந்தாள். ராணுவச் சோதனைச் சாவடியில் ஒரு பஸ் நின்றது. சிப்பாய் நீலத்தாள் ஒன்றை நீட்டி, “சேர், உங்களில் யாருக்காவது இது வாசிக்கத் தெரியுமா?” என்றான்.

தெரியாமலா? அவனுடைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளில் வருஷா வருஷம் கையெழுத்துப் போட்ட வாப்பாவின் அதே கை.

“தெரியாது” என்றான் சிங்களத்தில். துரை மகளைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

பஸ்ஸோரம் கைகளைத் தலையில் வைத்து நின்ற விஜேந்திரன் அவனைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை.

“முகாமுக்குப் போய் ஆரிட்டயாவது கேட்டுப் பாக்கிறேன்” என்று இப்போது கடைக்குள் நின்று முணுமுணுத்தான் றில்வான். வாப்பாவின் முகத்தை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“ஆரிட்ட கேக்கிறது? நீயே ஆபீஸர்தானே!”

பெரியாயி எழுந்தாள்.

“தம்பியை ஏசாதீங்க மொதலாளி.” அவன் பக்கம் திரும்பினாள். “நேத்துதான் முகாம்ல புள்ளையைப் பாத்தேன் தம்பி. நீங்க வேன்ல இருந்தீங்களாமே. அந்தப் பொம்பளைப்புள்ள முன்னுக்குக் கூப்பிட்டா ஒங்களுக்கு வெக்கமா இருக்கும்னுதான் சத்தம் போடலையாம். இப்ப அந்தப் புள்ள இங்க இல்லைதானே... முகாமுக்கு வாறீங்களா?”