கபுவேக்கு பஸ்

சிஷாலாவின் சவப்பெட்டி குழியருகே வந்துவிட்டது. குழிக்குள் ஜெரே கிழவர் கால் நீட்டிப் படுத்திருந்தார். எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

யாரும் கோபப்படவில்லை. பெம்பா இனத்தார் வீட்டுச் சாவில் ங்கோனி இனத்து முறைகாரருக்கு அந்த உரிமை உண்டு. செத்தவரைக் கேலி செய்யலாம், அடக்கத்தை மறிக்கலாம். அழ மட்டும் கூடாது. ஜெரேயும் சிஷாலாவும் ஈயச் சுரங்கத்தில் ஒன்றாக மாரடித்தவர்கள் வேறு.

"இந்தக் குரங்குதின்னிய இங்க புதைக்க முடியாது. இது கபுவே. இவன் கபுவேல ஒரு நாள்கூட இருந்ததில்ல. புரோக்கன் ஹில்லுக்குத் தூக்கிட்டுப் போங்க."

கூட்டம் சிரித்தது. செத்தவரின் மகன் முசோண்டா சிரிக்கவில்லை. வெள்ளைக்காரன் போனபின் ரயில் நிலையத்தில் புரோக்கன் ஹில் பலகையைக் கழற்றி, கபுவே என்ற பலகையை மாட்டியவன் அவன்தான். ஊரே கைதட்டியது. அப்பா மட்டும், "என் நெஞ்சுல பாதிய புரோக்கன் ஹில்லுல விட்டிருக்கேன். ஊரையே காணோம்னா எங்கடா போய்த் தேடுவேன்?" என்று கேட்டார்.

"வெள்ளைக்காரன் வெச்ச பேருக்கு வால் பிடிக்காதீங்கப்பா," என்றான் இவன்.

அன்றிலிருந்து ஒரே ஊருக்குள் அப்பா புரோக்கன் ஹில்லிலும் மகன் கபுவேயிலும் குடியிருந்தார்கள். நடுவில் ஒரு சந்தைதான். பேரன் பிறந்த செய்தி போனபோது, வெளியூர்ப் பயணம் உடம்புக்கு ஆகாது என்று பதில் வந்தது. முசோண்டாவும் லேசுப்பட்டவன் இல்லை. தலை போனாலும் அந்தப் பழைய பெயரை உச்சரிப்பதில்லை என்று இருந்தான்.

"மழை வருது மாமா, எழுந்திருங்க."

"வரட்டும். உங்கப்பன் எந்த ஊருடா? உன் வாயால சொல்லு."

பெட்டியின் மேல் தூறல் விழுந்தது. தூக்கியவர்கள் தோள் மாற்றினார்கள். வீம்பு பிடித்து என்னத்தைக் கண்டோம் என்று முசோண்டாவுக்கு வெட்கமாக இருந்தது.

"புரோக்கன் ஹில்," என்றான்.

"காது கேக்கல."

"எங்கப்பா புரோக்கன் ஹில்காரர்."

ஜெரே கையை நீட்டினார். முசோண்டா தூக்கிவிட்டான். மண்ணைத் தட்டிக்கொண்டவர் அவன் கையை விடவில்லை.

"போன வாரம் உங்கப்பன் என்கிட்ட, கபுவேக்கு பஸ் எப்பன்னு கேட்டான். ஆமாடா, கபுவேன்னுதான் கேட்டான். நான் முறைகாரனாச்சே. அந்த ஊருக்கெல்லாம் பஸ் கிடையாதுன்னுட்டேன். சரின்னு திரும்பிப் படுத்துக்கிட்டான்."

சிலர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். ஜெரே அழுதுகொண்டிருந்தார். அழக்கூடாத ஆள் அங்கே அவர் ஒருவர்தான்.