நிறுத்தத்தில் நின்ற நாற்காலி

1

இந்தக் கதை ஒரு காலி நாற்காலியிலிருந்து வந்தது. எங்கள் சன்னலுக்கு எதிரே பேருந்து நிறுத்தம். ஒருநாள் காலையில் அங்கே ஒரு சக்கர நாற்காலி தனியாக நின்றது. கைப்பிடியில் சாப்பாட்டுப் பை தொங்கியது. ஆளைக் காணோம். யாரையும் கேட்கவில்லை, எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை. ஆகவே ஆளை நானே உண்டாக்க வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: "அவள் எப்போதும் புன்னகையோடுதான்…"

வேண்டாம். (சக்கர நாற்காலி என்றதும் என் பேனா ஏன் முந்திக்கொண்டு புன்னகையை மாட்டுகிறது?)

இரண்டாவது: "விதி அவள் கால்களை…"

விதியை விடுங்கள். அதற்கும் அன்றைய காலைக்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது: அன்று அவளுக்கு வேலையில் முதல் நாள். காலையிலிருந்தே சிடுசிடுப்பு.

இது இருக்கட்டும்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், சட்டத்தில் கண்ணாடி பொருத்தும் வேலை. அவளுடைய சக்கர நாற்காலி அடியில் நுழையும்படி முதலாளியம்மா தச்சரை வைத்து மேசையை உயர்த்தியிருந்தார். "மேசை என் பொறுப்பு. வந்து சேர்றது உன் பாடு" என்றிருந்தார். வந்து சேரத்தான் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பலகை வைத்த புதுப் பேருந்துகள் ஓடுகின்றனவே!

"நானும் கூட வரேன்டி" என்றாள் அக்கா.

"எதுக்கு? சம்பளம் உனக்கா தரப்போறாங்க?"

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. போ, போய்ட்டு போன் பண்ணு."

3

பேருந்து வந்தது. நடத்துநர் எட்டிப் பார்த்தார். சரிவுப்பலகை படிக்கட்டருகே மடங்கிக் கிடந்தது. அதன் மேல் யாரோ மூட்டை வைத்திருந்தார்கள்.

"அண்ணே, பலகைய இறக்குங்க."

"அத எங்கம்மா தொறக்கிறது, நேரமாகும். நாங்க எதுக்கு இருக்கோம்? தூக்கிடறோம்."

"தூக்க வேணாம்ணே. பலகை…"

அதற்குள் நான்கு பேர் இறங்கிவிட்டார்கள். ஒருவர் அக்குளில், இருவர் கால்களில். நான்காமவர் "பாத்து, பாத்து" என்று சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டார். சன்னலோர இருக்கையில் அவளைப் பூப்போல வைத்தார்கள். எல்லார் முகத்திலும் ஒரு நிறைவு. விசில் ஒலித்தது.

நாற்காலியை அடுத்தவர் ஏற்றுவார் என்று நான்கு பேருமே நினைத்துவிட்டார்கள்.

(அவர்களில் ஒருவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

4

"ஐயோ, என் நாற்காலி!"

பேருந்து பாலத்தில் ஏறிவிட்டது. பின்கண்ணாடியில் நாற்காலி சிறுத்துக்கொண்டே போனது.

"பதறாதம்மா, பின்னாடி வண்டி வரும், சொல்லிடலாம்" என்றார் நடத்துநர். சொன்னவர் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். தூக்கியவர்கள் தத்தம் நிறுத்தங்களில் இறங்கிப்போனார்கள். ஒருவர் மட்டும், "உன் நிறுத்தம் வந்ததும் யாராவது இறக்கி விடுவாங்க" என்றார்.

இறக்கி, எங்கே விடுவார்கள்?

அக்காவை அழைக்கப் போனைக் கையில் எடுத்தாள். 'நானும் வரேன்' என்ற குரல் காதில் கேட்டது. போனைத் திருப்பி மடியில் வைத்தாள். இத்தனை பேர் நெருக்கியடிக்கும் வண்டியில் அவளைச் சுற்றி மட்டும் இடமிருந்தது.*

* இந்த வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். அவள் எரிச்சல்காரி, தனியாகிவிட்டதை ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனால் உண்மை.

5

முடிவு ஒன்று: பேருந்து திரும்புகிறது. எழுத அழகாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒருவரும் விடமாட்டார்கள்.

முடிவு இரண்டு: முதலாளியம்மா கடையின் சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு ஓடிவருகிறார். சிரித்துவிட்டேன். அது சாலைப் பள்ளத்தைத் தாண்டாது. தாண்டினாலும் நாளைக்கு என்ன வழி? இப்படி வந்து சேரும் வேலைக்கு எத்தனை நாள் போகமுடியும்?

முடிவு மூன்று: அடுத்த பேருந்து நிற்கிறது. ஒரு கை நாற்காலியை அதன் வாசலுக்கு உருட்டிப் போகிறது. "அண்ணே," என்று ஒரு குரல்…

இங்கே நின்றுபோனேன். அந்தக் குரலை எனக்கு எழுத வரவில்லை. என் குரலாக வைத்துப் பார்த்தேன், பக்கத்திலேயே கேட்கவில்லை.

அவளை இன்னும் சன்னலோரத்திலேயே உட்கார வைத்திருக்கிறேன். கடைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது. நாற்காலி உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. "காலி நாற்காலிதானே, தூக்கிப் போட்டுடலாம்" என்பார்கள். விடாதீர்கள். மூட்டையை எடுத்துவிட்டுப் பலகையை இறக்கச் சொல்லுங்கள்.

சாயங்காலம் அவள் திரும்பி வர வேண்டும்.