பங்களா வளைவில் சிவப்பு லைட்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். இருக்கட்டும். பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் இந்த ரப்பர் மலையிலிருந்து தெஹியோவிட்டை டவுன் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறவளுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? பதினொரு வருடமாக ஓட்டுகிறேன். ஜீவராணி அக்கா வேன் நேரத்துக்கு வரும், வழியில் நிற்காது என்று பெயர். அந்தப் பெயரைத்தான் ஒரு மாதமாக ஒரு சின்ன சிவப்பு லைட் அரித்துக்கொண்டிருந்தது.

டாஷ்போர்டில் ஒயில் குப்பி படம் போட்ட லைட் அது. எஞ்சினுக்குள் ஒயில் போதிய அழுத்தத்தில் ஓடவில்லை என்றால் எரியும். எரிந்த பிறகும் ஓட்டினால் எஞ்சின் இறுகிச் செத்துப்போகும். எங்கள் பாதை நாங்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து ஓயா ஆற்றுப் பாலத்துக்கு இறங்கி, அங்கிருந்து தோட்டத் துரையின் பங்களாவுக்குக் கீழே இருக்கிற வளைவுக்குச் செங்குத்தாக ஏறி, பிறகு டவுனுக்கு இறங்கும். அந்தப் பங்களா வளைவில்தான் லைட் எரியும். அதுவும் தினமும் இல்லை. திங்கட்கிழமை எரியும், செவ்வாய் எரியாது, புதன் எரியாது, அப்பாடா என்று வியாழன் போனால் எரியும். உடனே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துவேன். பிள்ளைகள் இறங்கி நிற்பார்கள். ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் லைட் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அணைந்திருக்கும்.

தெஹியோவிட்டையில் கராஜ் வைத்திருக்கிற ஸம்சுதீன் நானாவிடம் கொண்டுபோனேன். என் வேனை அவர் ஆரம்பத்திலிருந்தே பார்க்கிறவர். முதலில் ஒயில் அளவு காட்டுகிற கம்பியை ஒருதரம் இழுத்துப் பார்ப்போம் என்று எஞ்சினுக்கு மேலே இருக்கிற முன்சீட்டைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார். எனக்குச் சுருக்கென்றது. தினமும் காலையில் சாமி கும்பிடுவதற்கு முன்னால் ஒயில் பார்க்கிறவள் நான். என்னிடமே ஒயில் இருக்கிறதா என்றால்? அந்தக் கையைத் தட்டியே விட்டேன். பார்த்துவிட்டுத்தான் வந்தேன், நிறைய இருக்கிறது, லைட்டைப் பாருங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே லைட்டை எரிய வைக்கிற சுவிட்சை மாற்றினார், வயரை மாற்றினார், மெயின் ரோட்டில் கரவனெல்ல வரை ஓட்டிப் பார்த்தார். சமதரையில் லைட் எட்டியும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பங்களா வளைவில் மறுபடி எரிந்தது, ஒரே ஏற்றத்தில் இரண்டு தடவை.

அடுத்த திங்கட்கிழமை பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓ.எல். பரீட்சை தொடங்குகிறது. எங்கள் தோட்டத்திலிருந்து ஒன்பது பிள்ளைகள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இந்திரகுமார் ஐயாவின் மகள் நிலுஷாவும் அதில் ஒருத்தி. பெற்றோர்களுக்கு அவர்தான் தலைவர். வெள்ளிக்கிழமை சாயங்காலமே லயத்துக்கு வந்துவிட்டார். குரலை உயர்த்தாமல்தான் பேசினார், அதுதான் இன்னும் சுட்டது. ஞாயிறு ஆறு மணிக்குள் வண்டிக்கு என்ன என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் டவுனிலிருந்து வேறு வேன் பிடிப்போம் என்றார். பரீட்சைக்குப் பிறகு பிள்ளைகள் என்னிடம் திரும்பி வருவார்களா என்று நான் கேட்கவில்லை. வர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நடுவழியில் நிற்கும் என்று ஒரு தடவை பெயர் வாங்கிய வேனில் யார் பிள்ளையை ஏற்றுவார்கள்?

சனிக்கிழமை முழுக்க வேலை ஓடவில்லை. லைட் எரிந்த நாட்களை மனதில் ஓட்டிக்கொண்டே இருந்தேன். திங்கள், வியாழன், அடுத்த புதன், வெள்ளி. துணி அலசிக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. புதன்கிழமை என் வேனில் வருகிற சசி காய்ச்சல் சுகமாகித் திரும்பி வந்த நாள். திங்கட்கிழமை எல்லோரும் வந்த நாள். ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை குறைந்த நாட்களில் லைட் எரியவே இல்லை. வண்டி நிறைந்தால்தான் எரிகிறது. கையில் சவர்க்கார நுரையோடு அப்படியே ஸம்சுதீன் நானாவுக்கு ஃபோன் அடித்தேன்.

"அப்படின்னா ஆள் ஏத்திட்டுத்தான் பாக்கணும் தங்கச்சி," என்றார். "பிரஷர் மீட்டர் ஒண்டு எடுத்துக்கொண்டு வாறன். சுமை வேணும், ஹரியா?"

சுமைக்கா பஞ்சம்? ஞாயிறு மூன்று மணிக்குப் பெற்றோர்களையே வரச்சொன்னேன். வண்டியை நம்பாதவர்கள் வண்டியிலேயே உட்கார்ந்து பார்க்கட்டும் என்று ஒரு வீம்பு. மோட்டார் சைக்கிளில் ஸம்சுதீன் நானா வந்து சேரும்போதே மழை பிடித்துக்கொண்டது. வேனை ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகைக்குள் ஏற்றினேன். தோட்டத்தில் கூரையும் சிமெந்துத் தரையும் உள்ள இடம் அது ஒன்றுதான். அவர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டரின் குழாயைப் பூட்டி, மீட்டரை என் பக்கத்து சீட்டுக்கு இழுத்துக்கொண்டார். ஸ்டார்ட் பண்ணினேன். முள் ஜம்மென்று ஏறி நின்றது.

மழை விட்டதும் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். நிலுஷாவின் அப்பா முன்னால், சசியின் அம்மா சீதாதேவி அவருக்குப் பின்னால். பாலத்தைத் தாண்டி ஏற்றத்தில் இரண்டாம் கியரைப் போட்டேன். வண்டியின் பின்பக்கம் தணிந்து மூக்கு வானத்தைப் பார்த்தது. ஸம்சுதீன் நானா மீட்டரில் இருந்து கண்ணை எடுக்காமல் எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். நாற்பது. நாற்பது. முப்பத்தைந்து. பங்களாவின் சிவப்புக் கூரை தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

"நிப்பாட்டுங்க," என்றார்.

முள் பூச்சியத்தில் கிடந்தது. நான் அதைப் பார்த்த அந்த நொடியிலேயே சாவியைத் திருப்பினேன். உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. ஒரு மாதமாக ஒளிந்து விளையாடிய சனியன் கடைசியில் கையில் பிடிபட்டுவிட்டது. லைட்டும் பொய் இல்லை, வயரும் பொய் இல்லை. நிஜமாகவே அழுத்தம் விழுகிறது.

கொட்டகைக்குத் திரும்பி வந்தபோது ஸம்சுதீன் நானாவின் முகம் தொங்கிப்போயிருந்தது. பம்பாக இருக்கலாம், எஞ்சினை இறக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்று மெதுவாகச் சொன்னார். இந்திரகுமார் ஐயா ஒதுங்கிப் போய் ஃபோனை எடுத்தார். சிங்களத்தில் பேசினார். ஹெட்ட உதே, ஹெட்ட உதே என்று இரண்டு தடவை என் காதில் விழுந்தது. நாளைக் காலைக்கு வேறு வேன். என் பதினொரு வருடம் அந்த இரண்டு சொல்லில் முடிகிறது.

அப்போதுதான் சீதாதேவி வாயைத் திறந்தாள். "அக்கா, வண்டிக்கு ஒயில் இருக்குங்களா?"

வந்ததே கோபம். துக்கத்தை எல்லாம் அவள் மேல் கொட்டப் போனேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் பேசாமல் சீட்டைத் தூக்கினேன். ஒயில் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி முழுக்க உள்ளே விட்டு இழுத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று உயரப் பிடித்தேன்.

கம்பியின் நுனியில் ஒரு பொட்டு அளவு ஒயில் இருந்தது. அவ்வளவுதான். மேல் கோடும் கீழ்க் கோடும் காய்ந்து பளபளத்தன.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடி துடைத்து விட்டேன், மறுபடி இழுத்தேன். அதே பொட்டு. காலையில் மேல் கோடு வரை இருந்த ஒயில் எங்கே போகும்? தரையில் குனிந்து பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. ஸம்சுதீன் நானா பக்கத்தில் வந்து குந்தினார். காலையில் எங்கே வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டார்.

வேறு எங்கே? லயத்து வாசலில்தான். சொல்லும்போதே எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "ஏறுங்க நானா," என்று கத்திவிட்டு எஞ்சினைப் போடாமலே வண்டியை மெல்லக் கீழே உருட்டினேன். கணக்கப்பிள்ளை ஐயா ஃபோனைக் காதில் வைத்தபடியே பின்னால் ஓடி வந்தார், மற்றவர்களும் வந்தார்கள். நான் தினமும் நிறுத்துகிற இடத்தில், தினமும் நிறுத்துகிற மாதிரி, மூக்கைச் சரிவில் கீழே விட்டு நிறுத்தினேன். சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பத்து நிமிடம் காத்திருந்தோம். கம்பியை இழுத்தேன்.

மேல் கோடு வரை ஒயில்.

எங்கள் தோட்டங்களில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் இப்படித்தான் நிறுத்துவோம். பேட்டரி செத்தாலும் கியரில் போட்டு உருட்டினால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று பழகிய பழக்கம். என் பேட்டரி போன வருடம் வாங்கிய புதுசு. பழக்கம் மட்டும் பழசு. மூக்கு கீழே போனால் ஒயில் எல்லாம் முன்பக்கம் ஓடி, முன்னால் இருக்கிற கம்பியை நனைத்து நிறைந்த மாதிரி காட்டும். ஏற்றத்தில் மூக்கு மேலே போனால் ஒயில் பின்னால் ஓடிவிடும். பம்ப் உறிஞ்சுகிற வாயும் முன்னால்தான் என்றார் ஸம்சுதீன் நானா. பிள்ளைகள் நிறைந்து பின்பக்கம் தணிந்த நாளில் அந்த வாய் வெறும் காற்றைக் குடித்திருக்கிறது. பழைய எஞ்சின் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எரித்த ஒயிலை நான் ஒரு தடவைகூட நிரப்பவில்லை. ஒயில் கேன் பிள்ளைகள் பை போடுகிற மூலையில் மூடி திறக்காமலே கிடந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்கிற வெறி எனக்கு. சீதாதேவியைக் கட்டிப்பிடித்துவிட்டேன். கால் மணி நேரத்துக்கு முன்னால் அவளைக் கடித்துத் துப்ப இருந்தவள் நான்.

இந்திரகுமார் ஐயா ஸம்சுதீன் நானாவைப் பார்த்தார். "என்னங்க பாஸ், சுவிட்ச மாத்துறீங்க, வயர மாத்துறீங்க, எஞ்சின இறக்கணுங்கிறீங்க. மொதல்ல ஒயில் பாக்க வேணாமா? ராணி ஒங்கள நம்பித்தானே வண்டிய தந்திச்சி?"

ஸம்சுதீன் நானா கையில் இருந்த ஸ்பானரைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் வாயைத் திறந்தால் என் கதை முடிந்தது. அவர் திறக்கவில்லை என்றால் என் பெயர் அப்படியே இருக்கும், வேன் நல்ல வேன், மெக்கானிக் பாஸ்தான் சரியில்லை என்று தோட்டம் பேசும். யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த எண்ணம் வந்தது, மறைக்க மாட்டேன். அவர் பேசாமல் நின்றதுதான் என்னைக் குத்தியது. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன்.

"நானாவ ஏசாதீங்க ஐயா," என்றேன். "அவரு மொதல் நாளே பாக்கத்தான் வந்தாரு. நான்தான் கையத் தட்டிவிட்டேன். பாத்துட்டேன்னு சொன்னேன். பெழ என்னோடது."

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை ஐயா நெற்றியைச் சுருக்கினார். ஃபோன் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. சரி, ஊற்றுங்கள், ஓட்டிப் பார்ப்போம் என்றார்.

ஒரு லீட்டரை அங்கேயே ஊற்றினோம். கொட்டகையின் சிமெந்துத் தரைக்கு ஏற்றி நிறுத்தி அளந்து இன்னும் அரை லீட்டர் ஊற்றியபோது மேல் கோடு நனைந்தது. எல்லோரும் மறுபடி ஏறினார்கள். இந்தத் தடவை இந்திரகுமார் ஐயா மீட்டரைத் தானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பாலம். ஏற்றம். இரண்டாம் கியர். நாற்பது என்றார். நாற்பது. பங்களாக் கூரை தெரிந்தது. வளைவில் வேண்டுமென்றே இறுக்கி ஒடித்தேன். நாற்பது என்றார் மறுபடியும், குரல் உடைந்து. பின்சீட்டில் யாரோ கைதட்டினார்கள். உச்சியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் எல்லோருக்கும் பல் தெரிகிறது. எஞ்சினின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்ட ஸம்சுதீன் நானா, ஒவ்வொரு தடவையும் உடனே நிறுத்தியதால்தான் எஞ்சின் தப்பியது என்றார். இனி வாரத்துக்கு ஒருமுறை சமதரையில் அளக்கச் சொன்னார்.

ஆனால் கணக்கப்பிள்ளை ஐயா வேறு வேனை வேண்டாம் என்றாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கிப் போகும்போது அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் ஒயில் அளக்க வேனைக் கொட்டகைக்கு ஏற்றினேன். அங்கே ஒன்பது பிள்ளைகளும் வெள்ளைச் சீருடையில், நெற்றியில் திருநீறோடு, பென்சில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேறு வேன் எதுவும் இல்லை. நிலுஷாவுக்குப் பக்கத்தில் அவள் அப்பா டார்ச்சோடு நின்றார். வழக்கமாக லயத்து வாசலில் ஏறுகிற பிள்ளைகளை இங்கே கூட்டி வந்தது அவர்தான் என்று புரிந்தது. நான் எஞ்சினை நிறுத்தியதும் அவர் அருகில் வந்தார்.

"நான் ஒருக்கா பாக்கலாங்களா?"

பழைய கோபம் நெஞ்சு வரை வந்தது. என்னை நம்பவில்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீட்டைத் தூக்கிவிட்டு, துடைக்கிற துணியை அவர் கையில் கொடுத்தேன். பதினொரு வருடத்தில் அந்தத் துணியை நான் இன்னொருவர் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அவர் கம்பியை இழுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு நிலுஷாவைக் கூப்பிட்டு முன்சீட்டில் ஏறச் சொன்னார்.