மழைக் காட்சியில் சொன்னது

கேமரா பழுதானதால் மைசூரில் அன்று படப்பிடிப்பு காலையிலேயே நின்றுபோனது. பெங்களூரிலிருந்து வேறு கேமரா வந்து சேர மாலையாகிவிடும் என்றார்கள். சுபரேகா மேக்கப்பைக் கழுவிவிட்டு, சாதாரணக் காட்டன் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஓட்டல் வாசலில் ஆட்டோ பிடித்தாள்.

அது 1996ஆம் வருஷம். பல வருஷம் தமிழில் கதாநாயகியாக நடித்தவள், நடுவில் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்துவிட்டு, இப்போது கதாநாயகனுக்கு அம்மாவாகத் திரும்பி வந்திருக்கிறாள். அவள் பிறந்ததும் இதே மைசூரில்தான். கொள்ளேகால் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு கட்டட மேஸ்திரியின் மகள். அப்போது பெயர் மகேஸ்வரி. வீட்டில் பேசிய தமிழில் பாதி கன்னடம். மதராஸில் முதல் படத்தின் இயக்குநர் அவள் பேசியதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "முகம் போதும்மா. குரலுக்கு வேற ஆள் வெச்சுக்கலாம்" என்றார்.

அந்த வேறு ஆள் கனகவல்லி. கடைசிப் படம் வரை சுபரேகாவுக்குப் பேசியது அவள்தான். டப்பிங் தனியாக நடக்கும் என்பதால் இருவரும் பழகியதே இல்லை. ஏதோ ஒரு வெற்றி விழாவில் வணக்கம் சொல்லிக்கொண்டதோடு சரி. மகனுக்கு இங்கே ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததும் கனகவல்லி அவனோடு மைசூருக்கு வந்துவிட்டாள் என்று யூனிட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அந்தப் பழைய குரல்தான் மேடம் வேணும். ஜனங்க காதுல அதுதானே இருக்கு. நீங்க நேர்ல போய்க் கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க" என்று இளம் இயக்குநர் உதயகுமார் வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்ரஹாரத்தில் கோயிலை ஒட்டிய சந்தில், பூக்கடைக்காரரிடம் கன்னடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். யாரென்று அவள் கேட்கவேயில்லை.

"உள்ள வாங்க மேடம். தலையை இடது பக்கம் சாய்ச்சுக்கிற பழக்கம் இன்னும் போகல போலிருக்கே."

"மேடம் எல்லாம் வேணாங்க்கா. மகேஸ்வரின்னே கூப்பிடுங்க."

கனகவல்லி காபி போட உள்ளே போனாள். "சர்க்கரை எவ்வளவு போடட்டும்?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தபோது சுபரேகா நிமிர்ந்து பார்த்தாள். திரையில் தன் முகத்தோடு மட்டுமே கேட்டுப் பழகிய குரல் அது. இங்கே அடுப்படியில் சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறது.

காபி குடித்தபடி பழைய ஸ்டுடியோக்களைப் பற்றியும் இறந்துபோனவர்களைப் பற்றியும் பேசினார்கள். பிறகு கனகவல்லி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்க முகத்தை என்னை மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. டப்பிங் தியேட்டர் இருட்டுல ஒரே ஃபிலிம் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவாங்க. உங்க வாய் எப்பத் திறக்குது, எப்ப மூடுதுன்னு அதையே பார்த்துட்டு நிப்பேன். ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. அந்த மழை சீன் ஞாபகம் இருக்கா?"

அது யாருக்குத்தான் ஞாபகமில்லை? படத்தில் தன்னை விட்டுப் போகும் கணவனின் கால்களைக் கொட்டும் மழையில் பிடித்துக்கொண்டு, 'என்னை விட்டுடாதீங்க' என்று கதறுவாள். நடுவில் ஒரு விம்மல் வரும். தியேட்டரே அழுதது. அந்த ஒரு விம்மலுக்காகவே சுபரேகாவைப் பத்திரிகைகள் கொண்டாடின.

"அது அழகுக்காகப் போட்ட விம்மல் இல்ல. எனக்கு வேற வழி தெரியல. அந்த வசனத்தை இப்பச் சொல்லிப் பாருங்க. உதடு ரெண்டும் எங்கயாவது ஒட்டுதா?"

சுபரேகா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை.

"ஆனா படத்துல ரெண்டு தடவை ஒட்டுது. செயற்கை மழைக்கு ஓட்டின இன்ஜின் சத்தத்துல நீங்க என்ன சொன்னீங்கன்னு அங்க யாருக்கும் கேக்கல. வசனத்தை மறந்து எதையோ உளறிட்டீங்கன்னு நெனைச்சாங்க. உதடு ஒட்டுற ரெண்டு இடத்தையும் சேர்த்து நான் 'ம்'முன்னு ஒரே விம்மலை வெச்சு மூடிட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"அது இந்த ஊருக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. டவுன் பஸ்ல ஒரு சின்னப் பொண்ணு. அவங்கப்பா கையை இறுக்கிப் பிடிச்சிருக்கார். அது திமிறிக்கிட்டு, 'நன்ன பிட்பிடி, நன்ன பிட்பிடி'ங்குது. அந்த வாயும் அதே மாதிரி ரெண்டு தடவை ஒட்டினதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. என் பக்கத்துல உக்கார்ந்திருந்த ஒரு அம்மாகிட்ட அர்த்தம் கேட்டேன்."

அர்த்தம் சுபரேகாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னை விட்டுவிடுங்கள்.

அந்தப் படத்தைத் தயாரித்தவர் அவளுடைய கணவர் மாணிக்கவாசகம். எந்தப் படத்தில் நடிப்பது, யாரோடு பேசுவது, எப்போது சிரிப்பது எல்லாம் அவர் முடிவுதான். அந்த மழைக் காட்சி எடுத்த வாரத்தில்தான் மைசூரில் அப்பா இறந்தார். "செட் போட்டாச்சு. இப்ப நீ போனா எல்லாம் நின்னுடும்" என்று அவர் அனுப்ப மறுத்துவிட்டார். அவள் வந்து சேர்ந்தபோது அப்பாவின் காரியம்கூட முடிந்திருந்தது.

காட்சி எடுத்தபோது அவர் கேமராவுக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்றது இப்போது கண்ணுக்குள் வந்தது. அவள் பிடித்திருந்தது கதாநாயகனின் கால்களை. பார்த்தது குடைக்குக் கீழே இருந்த செருப்புக் கால்களை.

அதற்குப் பிறகும் சில வருஷம் அவரோடுதான் இருந்தாள். ஒரு நாள் அவர் வெளியூர் போயிருந்தபோது ஒரு பெட்டியோடு கிளம்பிவிட்டாள். சண்டையில்லை, பேச்சில்லை. அதுதான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே, எத்தனையோ வசனம் பேசிய எனக்கு என் வாழ்க்கையில் ஒரு வரி பேச வரவில்லையே என்று தன்னையே கேவலமாக நினைத்திருக்கிறாள். பேசியிருக்கிறாள். அந்த மழையில், எல்லோர் முன்னாலும், அவரைப் பார்த்தே, அப்பாவிடம் பேசிய பாஷையில் பேசியிருக்கிறாள்.

"யார்கிட்ட சொன்னீங்க?" என்று கனகவல்லி கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட."

கனகவல்லி தலையாட்டினாள். "அன்னைக்கே அர்த்தம் தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு யோசிச்சுப் பார்த்திருக்கேன். ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன். ரீல் ஓடிட்டிருக்கும். எழுதிக் குடுத்ததைப் பேசித்தானே ஆகணும்?" என்றாள்.

சுபரேகாவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்தது. கனகவல்லி தன் முந்தானையையே நீட்டினாள்.

"வந்த விஷயத்தைச் சொல்லவேயில்லையே?"

"இந்தப் படத்துக்கும் நீங்களே பேசணும்னு கேக்கத்தான் வந்தேன். இப்ப வேணாம்னு தோணுதுக்கா. நானே பேசிப் பாக்குறேன்."

"தாராளமா பேசுங்க. எனக்கும் மூச்சு முன்ன மாதிரி நிக்கல."

அன்று மாலை விஷயத்தைக் கேட்ட உதயகுமார் நெளிந்தான். "உங்க தமிழ்ல கன்னட வாடை அடிக்குமே மேடம். கதைப்படி அம்மா கும்பகோணத்துக்காரி."

"கும்பகோணத்துக்காரியை மைசூர்ல கட்டிக்குடுத்து முப்பது வருஷம் ஆச்சுன்னு ஒரு வரி சேத்துக்கோப்பா."

அவன் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டான்.

சென்னையில் டப்பிங் ஆரம்பித்தபோதுதான் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று புரிந்தது. தன் உதட்டுக்கே தன் பேச்சு பொருந்தவில்லை. ஒரு வரிக்கு அரை நாள் ஆனது. சவுண்ட் இன்ஜினியர் பொறுமை இழந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றாள். கடைசி ரீலுக்கு வரும்போது கொஞ்சம் கை வந்திருந்தது.

படம் சுமாராக ஓடியது. 'நடிப்பு பிரமாதம், குரல்தான் கரடுமுரடு' என்று ஒரு பத்திரிகை எழுதியது. சுபரேகா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். வருத்தமில்லை, கரடுமுரடு என்பது உண்மைதானே என்றிருந்தது.

படம் மைசூருக்கு வந்த மறுநாள் கனகவல்லி எஸ்டிடி பூத்திலிருந்து போன் செய்தாள்.

"பார்த்தேன். கோயில் சீன்ல நீங்க மூச்சு வாங்குறது வெளிய கேக்குது. வரிக்கு முன்னாடியே இழுத்து வெச்சுக்கணும், நடுவுல இழுக்கக் கூடாது."

"சரிங்க்கா. வேற எங்க தப்பு?"

"நெறைய இருக்கு. சொல்றேன், எழுதிக்கறீங்களா?"

சுபரேகா பேனாவைத் தேடினாள்.