அடுத்த வீடு

"ஏங்க, ஒரு ஆணி இருந்தா குடுங்களேன்."

"எதுக்கு?"

"நம்ம கல்யாணப் படத்தை மாட்டத்தான். இந்தச் சுவத்துல மாட்டினா கதவைத் திறந்ததும் தெரியும்."

"இங்க வேண்டாம். விக்கப் போற வீடு. சுவத்துல ஓட்டையைப் பாத்தா விலையைக் குறைப்பாங்க. அடுத்த வீட்டுல மாட்டிக்கலாம்."

"அடுத்த வீட்டுலயா? அந்த அக்கா நம்ம படத்தை எதுக்கு அவங்க வீட்டுல மாட்டணும்?"

அவர் பூச்சுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கைகளில் சிமெண்ட் காய்ந்து வெள்ளையாக இருந்தது. நானும் சிரித்தேன். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் நடந்த பேச்சு இது. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

அவர் அன்று மேஸ்திரி. பகலெல்லாம் யார் யாருக்கோ சுவர் எழுப்பிவிட்டு வந்து, மிச்ச வெளிச்சத்தில் எங்கள் சொந்தச் சுவரைப் பூசுவார். வாடகை மிச்சம் என்று பூச்சு காய்வதற்குள் குடியேறிவிட்டோம். அது விற்றதும் அந்தப் பணத்தில் ஒரு மனை, அதில் இன்னொரு வீடு. அதிலும் நாங்களே குடியிருந்து, நாங்களே விற்றோம். இது ஒன்பதாவது. இப்போது அவரிடம் முப்பது பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு லாரி, கடைத்தெருவில் வாடகைக்கு விட்ட கட்டிடம் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் விற்கிற வீட்டில்தான் வாசம். "ஆள் புழங்குற வீடுதான் சீக்கிரம் போகும்" என்பார்.

அவரை மட்டும் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஜன்னல் கண்ணாடியில் தெறித்த பெயிண்டை பிளேடால் சுரண்டியது நான். யாராவது பார்க்க வரும் நாளில் குழாய்களைப் பழைய செய்தித்தாளால் பளபளவென்று துடைத்ததும் நான்தான். ஒவ்வொரு வீடு விற்றபோதும் எனக்குள் ஒரு குளுகுளுப்பு இருந்தது. நாமும் நாலு பேர் மதிக்க வந்துவிட்டோம் என்ற குளுகுளுப்பு. அந்தச் சந்தோஷத்தில் படம் பீரோவுக்குப் பின்னால் போர்வை சுற்றி நின்றது. அதன் கயிறு இற்றுப்போய் மூன்று முறை மாற்றியிருக்கிறேன், ஒரு முறைகூட மாட்டாமலே.

மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நாள் பள்ளிவிட்டு வரவில்லை. தேடிப் போனால், போன மாதம் விற்ற வீட்டுப் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறந்து பழைய வீட்டுக்கே போய்விட்டாள். "கதவை வேற யாரோ திறந்தாங்கம்மா. என்னை விட்டுட்டு நீங்க மாறிட்டீங்களோன்னு நெனச்சேன்" என்றாள்.

அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: "இன்னும் ரெண்டே வீடு. அப்புறம் நமக்குன்னு ஒண்ணு." நான் தலையாட்டினேன். அப்புறம் நாலு வீடு ஆகிவிட்டது.

மகள் இப்போது வெளியூரில் கல்லூரியில் முதல் வருடம். போன வாரம் போனில், "அம்மா, இப்ப எந்த அட்ரஸ்ல இருக்கீங்க?" என்று வழக்கம்போலக் கிண்டலடித்தாள். பிறகு குரலைத் தணித்து, "லீவுக்கு நான் ஃப்ரெண்டு வீட்டுக்கே போயிக்கிறேன்மா. அங்க வந்தாலும் என் ரூம்னு ஒண்ணு இல்லையே. யாரோ வாங்கப் போற ரூம்தானே?" என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

இன்று காலை தரகர் ஒரு தம்பதியை அழைத்து வந்தார். அந்த அம்மா டீச்சராம். அறை அறையாகப் பார்த்தார்கள். மகளின் அறையில் நின்று, "இது ஸ்டோர் ரூமுக்கு ஆகும்" என்றார்கள். எல்லாம் பிடித்துவிட்டது. இன்றே அட்வான்ஸ் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். புறப்படும்போது டீச்சர் மட்டும் கதவுக்கு எதிர்ச்சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"பூச்சு கெட்டியா இருக்குமா சார்? இப்ப இருக்கிற வீட்டுல ஒரு ஆணி அடிச்சா பாதிச் சுவரு கையோட வருது."

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என் சுவரா? இந்தாங்க பாருங்க!"

பெட்டியிலிருந்து சுத்தியலையும் ஆணியையும் எடுத்தார். நாலே அடி. துளி மண் உதிரவில்லை.

"மேஸ்திரி அடிச்ச ஆணி, பத்திரம் எழுதின மாதிரி!" என்றார் தரகர்.

"வேணும்னா நீ தொங்கிப் பாருய்யா" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் தண்ணீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். நாலு அடிதான். அவ்வளவுதானா வேலை? அதற்கா பத்தொன்பது வருடம்?

தட்டை வைத்துவிட்டு உள்ளே போனேன். பீரோவைத் தள்ளிப் படத்தை எடுத்து, போர்வையைப் பிரித்து, வந்து அந்த ஆணியில் மாட்டினேன். அது ஒரு பக்கம் சாய்ந்தது. நேராக்கினேன்.

"அட, இது சாரா? எவ்வளவு முடி!" என்றாள் டீச்சர்.

அவர் என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்: "வந்தவங்க முன்னாடி என்ன இது? விக்கிற வீட்டுல போயி..." அவர் கண் படத்துக்குப் போயிருந்தது. படத்திலிருந்த பையனின் நகத்திடுக்கில் சிமெண்ட் இருந்தது. கல்யாணத்தன்று எவ்வளவு தேய்த்தும் போகாத சிமெண்ட்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஏங்க, இந்த வீட்டை விக்காதீங்க. இதை எனக்குக் குடுத்துடுங்க."